புதுசா சபைப் பொறுப்புக்கு வர்றீங்களா? மைக்கைக் கைல வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

நம்ம வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கமெல்லாம் ஒரு தெரு விட்டு ஒரு தெரு சபை இருக்கும், கீழ மளிகைக் கடை, மாடில ஷீட் போட்ட ஹால், ஞாயித்துக்கிழமை காலைல படிக்கட்டு முழுக்க செருப்பு. இதுல நிறைய இடத்துல லீடருங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டு வர்ற ஆளுங்கதான், பைபிள் காலேஜ் போனவங்க கம்மி. ஒருநாள் பெரியவர் யாராவது கூப்ட்டு "தம்பி, இனிமே வாலிபர் கூட்டத்தை நீ பாத்துக்கப்பா"ன்னு சொல்லுவார், அவ்ளோதான், அன்னில இருந்து நீங்க லீடர். பாட்டு நடத்துறது, செய்தி குடுக்குறது எல்லாம் பாத்துப் பாத்து கத்துக்கலாம். பெருமை உள்ள வந்தா எப்படி கண்டுபிடிக்குறது, ஆலோசனை யார்கிட்ட எப்படி கேக்குறது, தப்பு பண்ணிட்டா எப்படி மனந்திரும்புறது, இதை மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டாங்க. நான் மூணுலயும் அடி வாங்குனவன், அந்த அனுபவத்துல எழுதுறேன், போதகர் மாதிரி இல்ல.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தைத் தூக்கிப் போடுங்க. பெருமைன்னா புதுசா வந்தவனுக்கு வர்றதுன்னு நினைக்குறோம். 1 தீமோத்தேயு 3ல "நூதன சீஷனாயிருக்கக்கூடாது, இறுமாப்படைவான்"ங்குற மாதிரி பவுல் சொல்றது உண்மைதான், ஆனா உசியா ராஜாவைப் பாருங்க, 16 வயசுல ராஜா ஆனாரு, 52 வருஷம் ஆண்டாரு, கோபுரம் கட்டுனாரு, கிணறு வெட்டுனாரு, விவசாயத்துல பிரியம் உள்ள மனுஷன்னு கூட 2 நாளாகமம் 26ல போட்ருக்கு. அவர் எப்ப விழுந்தாரு? "அவன் பலப்பட்டபோது"ன்னு இருக்கு. கஷ்டத்துல இருந்தப்ப இல்ல. எல்லாம் செட் ஆனதுக்கு அப்புறம் தூபம் காட்ட நேரா ஆலயத்துக்குள்ள போயிட்டாரு, அது ஆசாரியர் வேலை. அசரியாவும் இன்னும் 80 ஆசாரியரும் பின்னாடியே போய், ஐயா வெளிய போங்கன்னு சொல்றாங்க. 81 பேர் சொல்லியும் கோவம்தான் வருது, கோவப்படும்போதே நெத்தில குஷ்டம் தெரியுது. அதனால 15 பேர் இருக்கும்போது உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. 150 பேர் ஆனப்புறம், சொந்த ஹால் வந்தப்புறம், வாட்ஸப் குரூப்ல அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி செட்டிங் மாத்துனப்புறம்தான் பாத்து நடந்துக்கணும்.

நம்ம ஊர் அடையாளம் சிலது சொல்றேன், உங்களுக்கு எது எது பொருந்துதுன்னு நீங்களே பாத்துக்கங்க. உங்க பைபிளையும் பையையும் இன்னொருத்தன் தூக்கிட்டு வர்றானா. உபவாசக் கூட்டத்துக்கு அடிக்குற ஃப்ளெக்ஸ்ல உங்க மூஞ்சி எவ்ளோ பெருசு, சிலுவை எவ்ளோ சிறுசு. ஸ்டேஜ்ல உங்க சேர் மட்டும் கைவச்ச பெரிய சேரா இருக்கா, அது எப்ப வந்துச்சு, யார் போடச் சொன்னாங்க. யாரு வீட்டுக்கு ஜெபத்துக்குப் போறீங்கன்னு கடைசி மூணு மாசம் நோட்டைப் புரட்டுங்க, ஹவுசிங் போர்டு நாலாவது மாடில லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு எத்தனை தடவை ஏறுனீங்க, ஏசி இருக்குற வீட்டுக்கு எத்தனை தடவை போனீங்க. பேருக்கு முன்னாடி சேர்ற பட்டத்தை விடுங்க, பிரதர்ல ஆரம்பிச்சு ரெண்டே வருஷத்துல டாக்டர், பிஷப், அப்போஸ்தலர்னு வளந்த ஆளுங்களை நான் பாத்துட்டேன், அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இந்தக் கட்டுரை முடியாது. எல்லாத்தையும் விட ஒரே ஒரு கேள்வி போதும்: கடைசியா எப்ப, யார் சொல்லி, நீங்க எடுத்த முடிவை மாத்துனீங்க? ஆள் பேரும் ஞாபகம் வரல, விஷயமும் ஞாபகம் வரலன்னா உங்களுக்கு வந்தாச்சுன்னு அர்த்தம்.

அடுத்தது ஆலோசனை. இங்கதான் நிறைய சொல்லணும், ஏன்னா நம்மாளுங்க எல்லாரும் "நான் கேட்டுட்டுதான் பண்ணேன்"னு சொல்லுவாங்க, பொய்யும் இல்ல, கேட்டுதான் இருப்பாங்க. சாலொமோன் ராஜாவோட மகன் ரெகொபெயாமும் கேட்டாரு. 1 ராஜாக்கள் 12 படிச்சா எனக்கு ஒவ்வொரு தடவையும் இதுதான் ஆச்சரியம், மனுஷன் முறைப்படி எல்லாம் பண்ணாரு, ஜனங்க வந்து உங்கப்பா போட்ட பாரத்தை கொஞ்சம் குறைங்கன்னு கேட்டதும் மூணு நாள் டைம் வாங்குனாரு, சாலொமோன் கூட இருந்த பெரியவங்களைக் கேட்டாரு, அப்புறம் கூட வளந்த பசங்களைக் கேட்டாரு. பசங்க சொன்னது தான் ஃபேமஸ் டயலாக், என் சுண்டுவிரல் எங்கப்பா இடுப்பை விட பருமன், அவர் சவுக்கால அடிச்சாரு நான் தேளால அடிப்பேன்னு. பத்துக் கோத்திரம் போயிடுச்சு, அப்புறம் அவர் அனுப்புன அதிகாரி அதோராமைக் கல்லெறிஞ்சே கொன்னுட்டாங்க. ஆனா கவனிக்க வேண்டிய வரி அது இல்ல, 8ஆம் வசனம். பெரியவங்க யோசனையைத் தள்ளிட்டு, அதுக்கு அப்புறம்தான் பசங்ககிட்ட போறாரு. அதாவது முடிவு உள்ள ஏற்கனவே ஆயிடுச்சு, அதுக்கு ஆமா போட ஆள் தேடுனாரு. அந்தப் பசங்களும் யாரு, "அவன் சமுகத்தில் நிற்கிற வாலிபர்", அவர் குடுக்குறதைச் சாப்புடுறவங்க.

இஸ்ரவேல் ராஜா ஆகாப் அதுக்கு ஒரு படி மேல, யுத்தத்துக்குப் போலாமான்னு கேட்டாரு. 400 தீர்க்கதரிசி போ போ ஜெயம் உனக்குதான்னு சொல்றாங்க, இவங்களைத் தவிர வேற யாரும் இல்லையான்னு கூட இருந்த யூதா ராஜா யோசபாத் கேட்டதுக்கு ஆகாப், மிகாயான்னு ஒருத்தன் இருக்கான், ஆனா அவனை எனக்குப் புடிக்காது, எப்பப் பாத்தாலும் எனக்கு விரோதமாவே சொல்லுவான்ங்குறாரு. நம்ம கமிட்டியிலயும் ஒரு மிகாயா இருப்பாரு. அடுத்த வருஷம் கமிட்டி மாத்தும்போது மொத ஆளா அவரைத்தான் தூக்குவோம்.

அதனால பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே, இன்னிக்கே, மூணு பேரை முடிவு பண்ணி வைங்க, ஏன்னா பெருமை ஏறுன அன்னிக்கு ஆள் தேடுனா கண்ணுக்கு 400 பேர்தான் தெரிவாங்க. ஒருத்தர் உங்க சபைக்கு வெளிய இருக்கணும், நீங்க வியாசர்பாடின்னா திருவொற்றியூர்லயோ பெரம்பூர்லயோ இருக்குற ஒரு வயசான போதகர், உங்களால அவருக்கு பத்து பைசா லாபமோ நஷ்டமோ கிடையாது. ஒருத்தர் கணக்கு தெரிஞ்சவர். இன்னொருத்தர் ஒரு அம்மா, சபைல ரொம்ப நாளா இருக்குறவங்க, நம்ம சபைங்கள்ல உக்காந்திருக்குறதுல பாதிக்கு மேல பொம்பளைங்க, கமிட்டில பாத்தா எல்லாம் ஆம்பளைங்க, இது என்ன கணக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. சொந்தக்காரங்க இந்த மூணுல வேணாம். வீட்டுக்காரம்மா தனி, அவங்க சொல்றதைக் கேக்கணும், ஆனா அவங்களை மட்டும் கேட்டுட்டு ஆலோசனை கேட்டேன்னு கணக்குல எழுதாதீங்க.

கேக்குற விதமும் இருக்கு. "ஜெபத்துல கர்த்தர் எனக்கு இதைக் காட்டுனாரு, நீங்க என்ன நினைக்கிறீங்க"ன்னு கேட்டா எதிர்ல இருக்குறவர் என்ன சொல்லுவாரு, கர்த்தரையே எதுத்துப் பேசுவாரா? ஆமா பிரதர், ஆமென் பிரதர்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. அந்த வார்த்தையை விட்டுட்டு, எவ்ளோ பணம், எவ்ளோ நாள், கையெழுத்து யாருதுன்னு எல்லாத்தையும் பேப்பர்ல எழுதிக் குடுத்து, இதுல எங்க ஓட்டை இருக்குன்னு சொல்லுங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கங்க, பதிலுக்குப் பதில் விளக்கம் குடுக்காதீங்க. மோசே கிட்ட அவர் மாமனார் எத்திரோ வந்து "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல"ன்னு நேரா சொன்னாரே, யாத்திராகமம் 18, மோசே செங்கடலைத் தாண்டி வந்தவரு, எத்திரோ மீதியான் தேசத்து ஆளு, இருந்தும் சொன்னபடி செஞ்சாருன்னு இருக்கு, அவ்ளோதான் இருக்கு.

இப்ப என் கதை. சபைக்கு இடம் வாங்கணும்னு மூணு வருஷமா ஜனங்க குடுத்த பணம், வீட்டு வேலைக்குப் போறவங்க, ஹார்பர்ல லோடு தூக்குறவங்க குடுத்தது. நான் அப்ப பொருளாளர். மீஞ்சூர் தாண்டி ஒரு பிளாட், புரோக்கர் விசுவாசி, பேச்சுக்கு ஒரு தடவை ஸ்தோத்திரம், உடனே அட்வான்ஸ் குடுத்தா விலை குறையும்னான். 1,80,000 ரூபாய் எடுத்துக் குடுத்துட்டேன். அதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை எங்க சபைல ஒரு ஆயா, விடியக்காலைல காசிமேடு போய் ஏலத்துல மீன் எடுத்து எங்க மார்க்கெட்ல விக்குறவங்க, வாசல்ல நிறுத்தி "தம்பி, எடம் வாங்கப் போறியாமே, ஈசி போட்டுப் பாத்தியா?"ன்னு கேட்டாங்க, ஈசின்னா வில்லங்கச் சான்று. நான் சிரிச்சிட்டே "கர்த்தர் பாத்துக்குவாரு ஆயா"ன்னேன். "கர்த்தரு பாப்பாரு, நீ பாத்தியா?" அப்டின்னாங்க. எனக்கு சுர்ருனு ஏறுச்சு, எழுதப் படிக்கத் தெரியாத ஆயா எனக்குச் சொல்றதான்னு. அந்த ஆயா செவுளைத் தூக்கிப் பாக்காம ஒரு மீன் எடுத்ததில்ல, நான் வில்லங்கம் பாக்காம மூணு வருஷக் காணிக்கையைக் குடுத்தேன். இடம் ஏற்கனவே அடமானத்துல இருந்துச்சு, பதிவான அடமானம், ஈசி போட்டிருந்தா முதல் பக்கத்துலயே தெரிஞ்சிருக்கும். இப்ப பதிவுத்துறை வெப்சைட்லயே வீட்ல இருந்து பாக்கலாம், சபைக்கு இடம் பாக்குறவங்க தயவுசெஞ்சு பாத்துடுங்க.

பணம்னு வந்ததால ஒரு பழைய ஆளைச் சொல்லிட்டுப் போறேன். நம்ம பக்கத்துல வேப்பேரியில இருந்த ஃபெப்ரீஷியஸ் ஐயர், ஜெர்மனிக்காரர், 1742ல மெட்ராஸ் வந்தாரு, பைபிளைத் தமிழ்ல மொழிபெயர்த்தவர், 1779ல அகராதி போட்டவர், லுத்தரன் சபைங்கள்ல ரொம்ப காலம் அவர் மொழிபெயர்ப்பைத்தான் படிச்சாங்க. அவ்ளோ பெரிய மனுஷன் அடுத்தவங்க நம்பிக் குடுத்த பணத்தை வெளிய கடனா விட்டு, அது திரும்பாம, வயசான காலத்துல கடனுக்காக ஜெயில்ல உக்காந்தாரு. 1791ல இறந்தாரு. பக்தி இருந்தா கணக்கும் தானா சரியா வரும்னு நினைக்குறவங்களுக்கு இதைச் சொல்லுவேன். காணிக்கையை ரெண்டு பேர் சேந்து எண்ணணும், அவங்க ஒரே குடும்பமா இருக்கக் கூடாது, எண்ணுன இடத்துலயே நோட்டுல கையெழுத்து, பேங்க்ல ஜாயின்ட் அக்கவுண்ட், மாசத்துக்கு ஒரு தடவை கணக்கை சபைல சத்தமா வாசிக்கணும். இவ்ளோதான். இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல.

அப்புறம் யாராவது உங்க மேல தப்பு சொல்லிட்டு வந்தா என்ன பண்றது. முதல் 24 மணி நேரம் பதில் சொல்லாதீங்க, வாட்ஸப்ல டைப் பண்ணி வச்சிருந்தாலும் அனுப்பாதீங்க. அந்த வாரப் பிரசங்கத்துல அவரைக் குத்தாதீங்க, பேர் சொல்லாம "சில பேர்"னு ஆரம்பிக்குறது இருக்கு பாருங்க, எல்லாருக்கும் யாருன்னு தெரியும், அவருக்குத் திருப்பிப் பேச மைக் கிடையாது. முக்கியமா "நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதே" வசனத்தை எடுக்காதீங்க. அந்த சங்கீதம் 105ஐ மேல இருந்து படிங்க, ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு எல்லாம் கொஞ்சம் பேரா, நிலம் இல்லாம ஊர் ஊரா அலைஞ்சப்ப, அவங்களை மிதிக்க வந்த ராஜாக்களைப் பாத்து தேவன் சொன்னது. எளியவனைக் காப்பாத்தச் சொன்ன வார்த்தையை எளியவன் வாயை மூட எடுக்குறோம். தாவீது சவுல் மேல கை வைக்கலன்னு சொல்லுவாங்க, கரெக்ட், ஆனா அதே தாவீது குகையை விட்டு வெளிய வந்து, எல்லார் காதுலயும் விழுற மாதிரி, ஏன் ஐயா என்னை இப்படித் துரத்துறீங்கன்னு கேட்டாரு. கை வைக்கல, வாய் மூடல.

ராயபுரம்ங்குற பேரு ராயப்பர்ல இருந்து வந்துச்சுன்னு சொல்லுவாங்க, ராயப்பர்னா பேதுரு. அந்தப் பேதுருவையே அந்தியோகியாவுல பவுல் எல்லார் முன்னாடியும் நேருக்கு நேரா கண்டிச்சாரு, கலாத்தியர் 2ல இருக்கு. பேதுருவுக்கு இல்லாத விதிவிலக்கு எம்.கே.பி. நகர் ரெண்டாவது மாடில இருக்குற நமக்கு எங்கிருந்து வந்துச்சு.

இதுக்கு நடுவுல ஒண்ணு, இதுல ஜோக் இல்ல. சின்னப் பிள்ளைங்க விஷயம், பாலியல் விஷயம்னா, ஆலோசனை, மனந்திரும்புதல், சபைக்குள்ள பேசி முடிக்குறதுன்னு எதுவும் கிடையாது. பிள்ளைங்க மேல நடக்குற பாலியல் குத்தத்துக்கான 2012 போக்சோ சட்டப்படி, அது தெரிஞ்சவங்க புகார் குடுத்தே ஆகணும், மறைச்சா அதுவே குத்தம். குழந்தைங்களுக்கு 1098, பெண்களுக்கு 181. பாஸ்டர் பேர் கெட்டுடும்னு யாராவது சொன்னா அவரை அடுத்த கமிட்டிக்கு வச்சுக்காதீங்க.

கடைசிப் படி மனந்திரும்புதல். என் அனுபவத்துல இதைத்தான் நான் ரொம்ப மோசமா பண்ணேன், மூணு தடவை பண்ண வேண்டி வந்துச்சு. பணம் போச்சுன்னு தெரிஞ்ச முதல் ஞாயிறு ஸ்டேஜ்ல ஏறி, சத்துரு நம்ம சபைக்கு விரோதமா எழும்பிட்டான், ஜெபம் பண்ணுங்கன்னு அழுதேன். ஜனங்க எல்லாரும் அழுதாங்க, ரெண்டு பேர் வந்து கட்டிப்புடிச்சாங்க, கேவலமான விஷயம் என்னன்னா எனக்கு அன்னிக்கு நல்லா இருந்துச்சு. ரெண்டாவது வாரம், "நாம எல்லாரும் ஏமாந்துட்டோம்"னேன். நாமளாம். கையெழுத்து போட்டது நான். வெளியூர்ல இருந்த ஒரு வயசான போதகர்கிட்ட போன்ல இதை எல்லாம் சொல்லிட்டிருந்தேன், அவர் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, "சவுல் எத்தனை தடவைல பாவஞ்செய்தேன்னு சொன்னான், போய்ப் பாரு."

போய்ப் பாத்தேன், 1 சாமுவேல் 15. முதல்ல கர்த்தர் சொன்னதை எல்லாம் பண்ணிட்டேன்ங்குறாரு. அப்புறம் ஜனங்கதான் ஆட்டை வச்சிக்கிட்டாங்கன்றாரு. சாமுவேல் விடாம புடிச்சதும்தான் பாவஞ்செய்தேன்னு வாயில வருது, அதுவும் ஜனங்களுக்குப் பயந்துட்டேன்னு ஒரு காரணத்தோட. திரும்ப ஒரு தடவை பாவஞ்செய்தேன்ங்குறாரு, கூடவே என்ன கேக்குறாரு தெரியுமா, மூப்பர் முன்னாடியும் ஜனங்க முன்னாடியும் என்னைக் கனம்பண்ணும்னு. பாவம் ஒத்துக்குறேன், சேரை மட்டும் எடுக்காதீங்க. தாவீதுகிட்ட நாத்தான் "நீயே அந்த மனுஷன்"னு சொன்னப்ப ஒரே வரி, கர்த்தருக்கு விரோதமா பாவஞ்செய்தேன், அதுல காரணம் இல்ல, கண்டிஷன் இல்ல. 51ஆம் சங்கீதத்துக்கு மேல இருக்குற தலைப்பைப் பாருங்க, இராகத்தலைவனுக்குன்னு இருக்கும், பத்சேபாள் விஷயமும் அதுலயே இருக்கும். தன் அசிங்கத்தை பாட்டுக் குழு தலைவர்கிட்டயே குடுத்துட்டாரு. ஆனா ரெண்டே வாரத்துல ஸ்டேஜுக்குத் திரும்பி வர்றவங்க எல்லாம் "தாவீதே விழலையா"ன்னு ஆரம்பிக்குறாங்க பாருங்க, தாவீது மன்னிப்பு வாங்குனப்புறம் அவர் வீட்ல என்னென்ன நடந்துச்சுன்னு அடுத்த எட்டு அதிகாரத்தைப் படிக்கச் சொல்லுங்க.

நீங்க பண்ண வேண்டியது என்னன்னா, முதல்ல பேப்பர்ல எழுதுங்க, "நான்"ல ஆரம்பிக்குற வாக்கியமா எழுதுங்க, "ஒருவேளை யாராவது புண்பட்டிருந்தா"ங்குறதை அடிச்சிடுங்க. யாருக்குப் பண்ணீங்களோ அவங்க வீட்டுக்கு முதல்ல போங்க, மைக்குக்கு அப்புறமா போலாம், நான் ஆயா வீட்டுக்குப் போனப்ப கை கால் நடுங்குச்சு, அவங்க மீன் கழுவிட்டே கேட்டுட்டு, "காலைல சாப்ட்டியா"ன்னாங்க, அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. அப்புறம் நஷ்டத்துக்கு ஒரு கணக்கு சொல்லுங்க. சகேயு நாலத்தனையா திரும்பத் தர்றேன்னு நம்பர் சொன்னாரு, எண்ணாகமம் 5ல முதலோட ஐஞ்சுல ஒரு பங்கு கூட்டிக் குடுன்னு இருக்கு. எங்க சபைல ரயில்வேல கணக்கு பாத்து ரிட்டையர் ஆன ஒரு ஐயா அதை வச்சே கணக்கு போட்டாரு, 1,80,000, கூட 36,000, மொத்தம் 2,16,000, மாசம் 4,000ன்னா 54 மாசம். கமிட்டில ரெண்டு பேர் இது ஓவர்னு சொன்னாங்க. நான் கட்டுறேன்னேன், சீன் போடுறதுக்காக இல்ல, கட்டலன்னா அந்த முதல் ஞாயிறு மாதிரி இதுவும் அழுது முடிஞ்சிடும்னு பயம்.

பொறுப்பை விட்டு இறங்குங்க, திரும்ப எப்ப வர்றதுன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, அந்தத் தேதி மத்தவங்க கைல இருக்கட்டும், வரவே வேணாம்னு அவங்க சொன்னாலும் சரி. அந்தக் காலத்துல சபையை மாத்தாதீங்க, பக்கத்துத் தெருவுல புதுசா ஒண்ணு ஆரம்பிக்காதீங்க, நம்ம ஏரியால பாதி சபை எப்படி வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். பின் வரிசைல உக்காருங்க. முதல் ஒரு மாசம் ரொம்ப கஷ்டமா இருக்கும், பாட்டு சுருதி தப்புனா கூட எழுந்து சரி பண்ணணும்னு கை பரபரக்கும். அப்புறம் பழகிடும், பின்னாடி உக்காந்தா சபை வேற மாதிரி தெரியும், கைக்குழந்தை வச்சிருக்குறவங்களுக்கு ஃபேன் காத்து வர்றதில்ல, ஸ்பீக்கர்ல பாதி வார்த்தை கேக்குறதில்ல, இதெல்லாம் எனக்கு அங்க உக்காந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

54 மாசம் முடிஞ்சுது. வாலிபர் கூட்டத்துல பேசக் கூப்ட்டாங்க, பேசுறேன். செக்குல என் கையெழுத்து இல்ல, நானும் கேக்கல, சனிக்கிழமை சாயங்காலம் பாய் விரிக்க ஆள் பத்தலன்னா போன் வரும், போவேன்.